350 வெள்ளி மழைமானி: வாங்கலாம், கூடவே கடல் ஏற்ற அட்டவணையும் வேண்டும்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வைஃபை உள்ள வீட்டு வானிலைக் கருவி. மழைமானி, காற்றுமானி, வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் உணரி, வீட்டுக்குள் வைக்க ஒரு கலர் திரை எல்லாம் சேர்த்து இணையக் கடையில் 350 மலேசிய வெள்ளி சொச்சம், தபால் செலவு தனி. இதே பொருள் நான்கைந்து பெயர்களில் விற்கிறது, பெட்டியின் நிறமும் திரையின் ஓரமும்தான் வேறு, அதனால் எந்தப் பெயரில் வாங்கினேன் என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. படத்தைப் பார்த்தாலே தெரியும்: ஒரு பக்கம் மூன்று கிண்ணம் சுற்றும், மறுபக்கம் கறுப்புப் புனல், நடுவில் தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளை உறை.

என் வீடு சிலாங்கூரில் பந்திங் பக்கம். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்து பிறகு தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, ஆன இடம். பின்வாசலைத் திறந்தால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனை. எங்கள் தெருத் தண்ணீர் முழுக்க அந்த வாய்க்காலில்தான் விழுகிறது, அது லங்காட் ஆற்றுக்கு, ஆறு கடலுக்கு. எனவே மழை எங்களுக்கு வெறும் பேச்சுக்கான விஷயம் இல்லை, கார் எங்கே நிறுத்துவது, சலவை மெஷினைக் கல்மேல் ஏற்றி வைப்பதா என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

வானிலைத் துறையின் மைசுவாச்சா ஆப் எல்லோரிடமும் இருக்குமே, அப்புறம் இது எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஆப்பை நான் தினமும் பார்க்கிறேன், எச்சரிக்கைகளுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் "மாலையில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை" என்று போட்டால் அந்த ஓரிரு இடம் நம் கூரையா என்று யாராலும் சொல்ல முடியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை. பூமத்திய ரேகைப் பக்கத்து மழை அப்படித்தான். மதியம் வரை வெயில் தரையைச் சூடாக்கும், ஈரக்காற்று மேலே போகும், ஒரே ஒரு மேகம் பூதம் மாதிரி வளர்ந்து ஒரே ஒரு கிராமத்தின் தலையில் கொட்டும். பக்கத்து ஊர் ஜென்ஜாரோமில் மாமாக் கடைக்காரர் குடையை மடக்கி வைத்திருக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் முட்டி வரை தண்ணீர் நின்ற கதைகள் இங்கே எல்லோரிடமும் உண்டு. நம் கூரையில் எவ்வளவு விழுந்தது என்று தெரிய வேண்டுமென்றால் நம் கூரையில்தான் அளக்க வேண்டும்.

சரி, பெட்டிக்குள் என்ன. வெளிக்கருவி ஒரே துண்டாக வருகிறது, காற்றுக் கிண்ணங்களை மட்டும் திருகாணி போட்டு மாட்டணும். தாங்கிக் கம்பம் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், விரல் மொத்தம்தான், அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புக் கடையில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் வாங்கிக்கொள்ளுங்கள். மழைமானி மட்டத்தில் இல்லையென்றால் எண் எல்லாம் பொய். உச்சியில் சின்னக் குமிழ்மட்டம் பதித்திருக்கிறார்கள், அது நல்ல வேலை, ஆனால் அதைப் பார்க்க ஏணி மேல் ஏற வேண்டும். பக்கத்தில் மாமரமோ மாடிச் சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைப்பது முறை. தாமான் வீட்டில் அது நடக்கிற காரியமா? தண்ணீர்த் தொட்டி நிழலைத் தவிர்த்து, கார் நிறுத்தும் கூரையின் முன்முனையில் வைத்தேன், அதற்கு மேல் என்னால் முடியாது.

வைஃபை சேர்ப்பதில் ஒரு தொல்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும், புது ரவுட்டர்களில் இரண்டும் ஒரே பெயரில் இருப்பதால் கண்டுபிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், தனிப்பெயர் கொடுத்துப் பிரித்தால் உடனே பிடிக்கும். கையேட்டில் இது இல்லை. கையேட்டில் இருப்பதெல்லாம் கருவியைக் கடலில் போடாதே, குழந்தை வாயில் வைக்கவிடாதே மாதிரி சமாச்சாரம்.

இப்போது முக்கியமான உறுப்புக்கு வருவோம். புனலைத் திருகிக் கழற்றினால் உள்ளே சாயும் வாளி. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கரண்டிக்குழி, நடுவில் அச்சு. மழைத்தண்ணீர் ஒரு குழியில் சொட்டும், நிறைந்ததும் எடை தாங்காமல் சாய்ந்து கொட்டிவிட்டு மறுகுழியைப் புனலுக்குக் கீழே கொண்டுவரும், ஒவ்வொரு சாய்வுக்கும் உள்ளே இருக்கும் காந்தம் ஒரு தடவை எண்ணும். ஒரு சாய்வு 0.3 மி.மீ. மழை. ராத்திரி அமைதியாக இருக்கும்போது முன் அறையில் படுத்தால் அந்த டிக் டிக் சத்தமே கேட்கும், டிக்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை வைத்தே மழை வலுக்கிறதா தணிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இது சரியாக அளக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது, வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யுங்கள். புனலின் விட்டம் 11 செ.மீ., அப்படியென்றால் வாய்ப் பரப்பு 95 சதுர செ.மீ., ஒரு மி.மீ. மழைக்கு 9.5 மில்லி தண்ணீர். மருந்து ஊற்றும் குவளையில் 95 மில்லி அளந்து, மினரல் வாட்டர் பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டு, அதில் ஊற்றிப் புனலின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். அரை மணிக்கு மேல் சொட்டியது. திரையில் 9.9. பத்து வரவேண்டும், 9.9 வந்தது, ஒரு சாய்வுக்குள்தான் வித்தியாசம். அதே 95 மில்லியைக் கையால் இரண்டு மூன்று நிமிஷத்தில் ஊற்றியபோது 9-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. காரணம் சுலபம். வாளி சாய்ந்துகொண்டிருக்கும் அந்த நொடியிலும் மேலிருந்து தண்ணீர் விழுகிறது, அது கணக்கில் வராமல் போகிறது. மழை எவ்வளவு மூர்க்கமாகப் பெய்கிறதோ அவ்வளவுக்கு இது குறைத்துக் காட்டும். இந்த விலையில் இதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன், விலை கூடிய கருவிகளுக்கும் இதே நோய்தான், ஆனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நமக்குத் தேவைப்படுவதே அந்த மூர்க்க மழையின் எண்தான்.

எதிர்வீட்டில் தோட்ட ஆபீசில் கிராணியாக (கணக்கு எழுதும் குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரைக் கிராணி ஐயா என்றுதான் கூப்பிடும். கருவியை மாட்டும்போதே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் காலத்தில் ஆபீஸ் முன்னால் புல்தரையில் செப்பு மழைமானி இருக்கும், காலையில் முதல் வேலை அதன் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது, அப்போது அங்குலக் கணக்கு. ரப்பர் காலத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் சம்பளம் இருந்தது. விடியற்காலை மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்கு முழுக்கூலியும் இல்லை. செம்பனைக்கு மாறிய பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை, உரம் போடுவதற்கும் வாய்க்கால் வெட்டுவதற்கும் அதைத்தான் பார்ப்பார்களாம்.

நான் திரையைக் காட்டியபோது அவர் மொத்த மழை எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது அவருக்குப் பழக்கமான எண். அதற்குக் கீழே சின்னதாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், மணிக்கு இத்தனை மி.மீ. என்று மழையின் வேகம். அதைத்தான் வெகுநேரம் பார்த்தார். "தம்பி, நாங்க எவ்வளவு பெஞ்சிச்சின்னு எழுதினோம், எவ்வளவு நேரத்துல பெஞ்சிச்சின்னு யாரும் எழுதலியே" என்றார்.

இந்தக் கருவிக்கு 350 வெள்ளி கொடுக்கலாம் என்று நான் சொல்வது அந்தச் சின்ன எண்ணுக்காக மட்டும்தான். உதாரணம் சொல்கிறேன். ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம், பருவக்காற்று மாறும் மாதம், இந்தப் பக்கத்துக்கு வழக்கமான இடிமழைக் காலம். ஒரு மணி நேரத்தில் 62 மி.மீ., அப்புறம் தூறலாகக் கொஞ்சம், நாள் கணக்கு 71. நீர்ப்பாசன வடிகால் துறையின் அளவுகோலில் மணிக்கு 10 மி.மீ. வரை லேசான மழை, 30 வரை மிதம், 60 வரை கனமழை, அதைத் தாண்டினால் மிகக் கனம், ஆக இது கடைசிப் படி. தெருமுனைச் சாக்கடை பதினைந்து நிமிஷத்தில் பொங்கிவிட்டது. இன்னொரு நாள், நவம்பரில், ராத்திரி பூராவும் நிதானமாகப் பெய்து காலையில் பார்த்தால் 70. தெருவில் ஒரு சொட்டு நிற்கவில்லை, பூச்செடிக்கு நல்லது என்று பேசிக்கொண்டோம். பழைய தோட்டப் புத்தகமாக இருந்தால் இந்த இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே எண்ணாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

உலகம் சூடாவதால் மழைக்கு என்ன ஆகிறது என்பதும் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி பிடிக்கும், அதனால் ஒரு மேகம் கொட்ட ஆரம்பித்தால் கையில் இருக்கும் சரக்கு அதிகம். ஆனால் உலகம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் மழையின் மொத்தம் ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை சொல்கிறது. ஏன் ஏழு இல்லை என்றால், நீராவி மழையாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, அந்த வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்கு அனுப்பித் தீர்த்தால்தான் அடுத்த மழை, அனுப்பும் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கொட்டும்போது ஏழு சதவீதம், மொத்தத்தில் இரண்டு சதவீதம் என்றால் நடுவில் என்ன ஆகும்? மழை சில மணி நேரங்களில் குவிகிறது, மற்ற நேரம் காய்கிறது. மொத்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் "மழை அப்படியேதான் இருக்கு" என்று தோன்றும்.

இதில் எல்லா ஊருக்கும் ஒரே கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்து மழையை எல் நினோவும் லா நினாவும் தனியாகப் பிடித்து ஆட்டுகின்றன. எல் நினோவில் பசிபிக்கின் சூடான தண்ணீர் கிழக்கே நகர்ந்துவிட்டால் மழை மேகமும் கூடவே போகும், நமக்கு வறட்சியும் புகைமூட்டமும். லா நினா அதற்கு நேர்மாறு. பெர்லிஸில் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது 1998 ஏப்ரல், 1997-98 எல் நினோவின் கடைசியில், நாட்டில் இதுவரைக்கும் அதுதான் உச்சம். செம்பனைக்காரர்களுக்கு வறட்சியின் கணக்கு உடனே வராது. பூங்குலை ஆணா பெண்ணா (பெண்தான் காய்க்கும், வறண்டால் ஆண் கூடிவிடும்) என்று மரம் தீர்மானிப்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்னால், எனவே இந்த வருஷத்து வெயிலுக்கு அடுத்த அடுத்த வருஷம்தான் லோரி காலியாகப் போகும்.

மூர்க்க மழைக்கு நம் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, 2021 டிசம்பர் ஞாபகம் இருக்கும். தென்சீனக் கடல் பக்கத்திலிருந்து ஒரு வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தது. டிசம்பர் 18-ம் தேதி ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மாடி வரை தண்ணீர், உலு லங்காட்டில் மண்ணும் மரமும் சேர்ந்து வந்தது. தலைநகரில் செந்தூலில் மட்டும் ஒரே நாளில் 363 மி.மீ. கோலாலம்பூரின் வருஷ மழையே 2,400 மி.மீ. வாக்கில்தான், ஒரு மாசத்துக்கும் மேலான மழை ஒரு நாளில். அந்த வெள்ளப் பருவத்தின் நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குப் போட்டது. பூமத்திய ரேகையை ஒட்டிய நமக்குப் புயல் வராது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், 2001 டிசம்பர் 27-ல் வாமேய் புயல் ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் ஏறியதிலிருந்து அந்தப் பாடத்திலும் ஓட்டை.

கருவிக்குத் திரும்பி வருகிறேன், குறைகளைச் சொல்லணுமே.

எறும்பு. முதல் குறை, நடுக்குறை, கடைசிக் குறை எல்லாம் எறும்புதான். வாளி இருக்கும் அறை வெயில் படாமல், மழை படாமல், காற்றோட்டமாக இருக்கிறது, எறும்புக்கு இதைவிட நல்ல தாமான் கிடைக்குமா? முட்டையோடு குடியேறிவிடுகின்றன, வாளி பாதியில் மாட்டிக்கொள்கிறது, வெளியே ஊற்றுகிறது, திரையில் 0.0 என்று கூசாமல் காட்டுகிறது. மாதம் ஒரு தடவை புனலைக் கழற்றித் துடைத்து, கம்பத்தில் கிரீஸ் தடவி வைத்தால் அடங்குகிறது. பூச்சி மருந்தை உள்ளே அடிக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் ஒட்டினால் வாளியில் தண்ணீர் உருண்டு நின்று அளவு மாறும். மைனா எச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஈரப்பத உணரி சில மாதங்களில் 99-ல் போய் நின்றுகொண்டது. இந்த ஊர் விடியற்காலை ஈரத்தில் அதுவும் பாவம் என்ன செய்யும். வெப்பமானி மதியத்தில் ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக் காட்டுகிறது, வெள்ளை உறைக்குள் காற்று ஓட்டம் போதவில்லை. காற்றுமானி கூரை மட்டத்தில் இருப்பதால் அதன் எண்ணை நான் நம்புவதில்லை, ஆனாலும் ஒரு சுகம் உண்டு. ஜூன், ஜூலை வாக்கில் விடியலுக்கு முன்னால் சுமத்ரா பக்கத்திலிருந்து நீரிணையைத் தாண்டி இடிமேக வரிசை வரும் பாருங்கள், அப்போது திரையில் காற்று திடீரென்று எகிறும், பத்து நிமிஷத்துக்குள் வெப்பம் மூன்று நான்கு டிகிரி விழும், அப்புறம்தான் முதல் டிக். மழை வருவதற்கு முன்பே துணியை எடுத்துவிடலாம்.

ஆப் சுமார். ஆங்கிலமும் சீனமும்தான். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய நல்ல விஷயம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரி வருகிறது, எக்செலில் திறந்து பார்க்கலாம். விற்றவரிடம் உணரியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரிப்புப் பொம்மை ஒன்றும், ஐந்து நட்சத்திரம் போட்டால் 10 வெள்ளி கழிவு என்ற பதிலும் வந்தது. உணரி வரவில்லை.

இனி, இந்தப் பெட்டியின் மேல் எங்கும் எழுதாத குறை. அது கருவியின் குறைகூட இல்லை, நாம் குடியிருக்கும் இடத்தின் குறை, ஆனால் கோல லங்காட், கிள்ளான், கோல சிலாங்கூர், பாகான் டத்தோ பக்கத்து ஆட்கள் வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கரையோரத் தோட்டங்களில் நிறைய சதுப்பில் எடுத்த நிலம். கடலுக்கும் ஆற்றுக்கும் ஓரமாகப் பண்டு என்கிற மண் கரை, உள்ளே கட்டம் கட்டமாக வாய்க்கால், வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் மதகு. கேரித் தீவுக்குப் போகிற வழியில் பார்த்தாலே புரியும், சில இடங்களில் ரோட்டைவிட ஆறு உயரமாகத் தெரியும். கடல் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும், இறங்கும்போது திறந்து உள்ளே இருப்பதை வெளியே விடும். பம்பு இல்லாத இடத்தில் இது மட்டும்தான் வழி. மதகு மூடியிருக்கும் நேரத்தில் பெய்கிற மழைக்குப் போக இடம் கிடையாது.

மேலே சொன்னேனே, ஒரு மணியில் 62 மி.மீ., சாக்கடை பொங்கியது என்று. அன்றைக்குக் கடல் இறங்கிக்கொண்டிருந்தது, மழை விட்டு ஒரு மணி நேரத்தில் தெரு வடிந்துவிட்டது. அக்டோபரில் அமாவாசை முடிந்த மறுநாள் ஒரு சாயங்காலம் திரையில் 40-தான் காட்டியது, வேகமும் பெரிய வேகம் இல்லை. கடல் உச்சத்தில் இருந்தது. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வாய்க்கால் தண்ணீர் அசையாமல் நின்றது, எங்கள் பின்வாசல் படிக்கட்டில் இரண்டு படி தண்ணீருக்குள்ளே. கிராணி ஐயா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் ஒரு காய்ந்த தென்னை மட்டையைப் போட்டுப் பார்த்தார், அது அப்படியே சுற்றிக்கொண்டு கிடந்தது. "கேட்டு தொறக்கல, போய்ச் சாப்பிடுங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். மட்டை மெல்ல நகர ஆரம்பித்த பிறகுதான் அவரும் படுக்கப் போனார். அன்றைக்கு 350 வெள்ளிக் கருவியைவிட அந்த மட்டை உபயோகமாக இருந்தது.

எனவே மழை எண்ணுக்குப் பக்கத்தில் கடல் ஏற்ற நேரத்தையும் எழுத ஆரம்பித்தேன். கடற்படையின் நீர்வரைவு மையம் வருஷா வருஷம் அட்டவணை வெளியிடுகிறது, கிள்ளான் துறைமுகத்து நேரத்தைப் பார்த்து நம் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி போதும், அமாவாசை, பௌர்ணமி முடிந்த இரண்டு மூன்று நாள்தான் பெரிய ஏற்றம். பகலும் இரவும் சமமாகும் சமராத்திரி வாக்கில், அதாவது மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும், அது இன்னும் கூடும். மேற்குக் கரைக்கு மழை அதிகமாக வரும் மாதங்களைப் பாருங்கள்: ஏப்ரல், அக்டோபர், நவம்பர். இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வருகின்றன.

கடல் மட்டம் உயர்வதை நாம் பெரும்பாலும் தீவு மூழ்குகிற படமாகத்தான் நினைக்கிறோம். எங்கள் ஊருக்கு அது முதலில் மதகு வழியாக வருகிறது. 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் வைத்துத் தொடர்ந்து அளக்க ஆரம்பித்த 1993-லிருந்து பார்த்தால் சுமார் 10 செ.மீ., ஆரம்பத்தில் வருஷத்துக்கு 2 மி.மீ. சொச்சமாக இருந்த வேகம் இப்போது 4-ஐத் தாண்டிவிட்டது. 1971-லிருந்து ஏறியதில் பாதி, கடல் தண்ணீர் சூடாகி விரிவதால் வந்தது, மீதியில் பெரும்பங்கு மலைப் பனியும் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்பாளங்களும் உருகுவதால். இதில் ஒரு அநியாயம் உண்டு. கிரீன்லாந்துப் பனிப்பாளம் தன் எடையால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது, உருக உருக அந்தப் பிடி தளர்ந்து அங்கே கடல் இறங்கும், விட்ட தண்ணீர் வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும்.

10 செ.மீ. என்ன பெரிய விஷயம், கிள்ளான் பக்கத்தில் பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே 4 மீட்டர் வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்டால், நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரத்தில் 4 மீட்டர் இறங்கும் கடல், நடுப்பகுதியில் மணிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும். அந்த வேகத்திலேயே 10 செ.மீ. என்பது ஆறு நிமிஷம். மதகு ஆறு நிமிஷம் தாமதமாகத் திறக்கும், ஆறு நிமிஷம் முன்னதாக மூடும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஆகக் கிட்டத்தட்ட அரை மணி நேர வடிகால் போச்சு. சின்ன ஏற்ற நாட்களில் கடல் மெதுவாக இறங்கும், அப்போது நஷ்டம் இன்னும் அதிகம். ஐபிசிசி இந்த நூற்றாண்டின் முடிவுக்குச் சொல்வது, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தை நன்றாகக் குறைத்தால் 28-லிருந்து 55 செ.மீ., குறைக்காமல் போனால் 63 செ.மீ.-லிருந்து ஒரு மீட்டர் வரை. அரை மீட்டரே ஏறினாலும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மதகு திறக்காது, மேலிருந்து வரும் மழை ஏழு ஏழு சதவீதமாகக் கெட்டியாகிக்கொண்டிருக்கும். கரி மண் (மக்கிய செடிகொடியால் ஆன சதுப்பு மண்) உள்ள இடங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததால் நிலமே வருஷத்துக்குச் சில செ.மீ. உட்காருகிறது, அந்த மண்ணில் இருப்பவர்களுக்குக் கடல் ஏறுவதைவிட அதுதான் வேகம். பண்டை உயர்த்திக்கொண்டே போகலாம்தான். உயர்த்த உயர்த்த உள்ளே விழும் மழையைப் பம்பு போட்டு வெளியேற்ற வேண்டிவரும், அந்தப் பம்புச் செலவு தோட்டத்துக்கா, நகராண்மைக்கா என்ற பேச்சு வரும்போது தாமான்காரர்களிடம் ஒரு கையில் மழை எண்ணும் மறுகையில் ஏற்ற நேரமும் இருந்தால் பேச வசதியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவியை மாட்டிய முதல் வருஷத்திலேயே "பார்த்தீங்களா, மழை கூடிருச்சு" என்று வாட்ஸ்ஆப் குழுவில் படம் அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான். ஒரு ஊரின் சராசரியைச் சொல்ல 30 வருஷக் கணக்கு எடுப்பார்கள், இப்போது வழக்கத்தில் இருப்பது 1991-லிருந்து 2020 வரை. நம் கூரைப் பெட்டி அதுவரை உயிரோடு இருக்கப் போவதில்லை, பிளாஸ்டிக் கிண்ணம் இந்த வெயிலுக்கு மூன்று நான்கு வருஷம் தாங்கினால் பெரிது. நீண்ட கணக்கு வேண்டுமென்றால் பழைய தோட்ட ஆபீஸ் அலமாரிகளில் இருக்கும் மழைப் புத்தகங்கள்தான், நிலம் கைமாறும்போது அவை முதலில் குப்பைக்குப் போகின்றன என்று கிராணி ஐயா வருத்தப்படுவார். யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், வேகம் எழுதவில்லை என்றாலும் மொத்தமாவது இருக்கிறதே.

யார் வாங்கலாம்? ஆற்றோரம், வாய்க்காலோரம், தாழ்வான தாமானில் இருப்பவர்கள், காய்கறித் தோட்டம் போட்டிருப்பவர்கள், கோயில் நிர்வாகத்தில் இருந்து திருவிழாப் பந்தலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். தாழ்வான இடத்தில் இருக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் மாட்டினால் பிள்ளைகளுக்கு நல்ல பாடம், எறும்பு துடைக்க ஆளும் கிடைக்கும். கொண்டோவில் பத்தாவது மாடியில் இருப்பவர்களுக்கு வேண்டாம். வெள்ள எச்சரிக்கைக்கு இதை மட்டும் நம்பவும் வேண்டாம், ஆற்று மட்டத்துக்கு வடிகால் துறையின் இன்ஃபோபஞ்சீர் பக்கம் இருக்கிறது, சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலையில் காட்டும், மழைக்காலத்தில் நான் அதைத் திறந்தே வைத்திருப்பேன்.

மழைமானிக்கு நான்கு நட்சத்திரம், காற்றுமானிக்கு இரண்டு, ஈரப்பதத்துக்கு ஒன்று, விற்றவருக்கு ஒன்றும் இல்லை. வெறும் மொத்தம் போதும் என்றால் 25 வெள்ளிக்குப் பிளாஸ்டிக் குழல் மழைமானி கிடைக்கிறது, நானும் ஒன்று பக்கத்தில் வைத்திருக்கிறேன், எறும்பு வந்த நாட்களில் அதுதான் சாட்சி. சூரியத் தகடு வைத்த மாடல் 60 வெள்ளி கூடுதல், எடுக்காதீர்கள், சாதாரண பேட்டரியே வருஷத்துக்குப் போகிறது, மாற்றும்போது உப்புக்காற்றில் பச்சை பிடித்த முனைகளை மட்டும் சுரண்டிவிடுங்கள்.